ரயில் போன வழியில் சைக்கிள்

காரின் பின்னால் இரண்டு சைக்கிள்களை மாட்டிக்கொண்டு கணவனும் மனைவியுமாக ஊர் சுற்றக் கிளம்புகிறவர்களுக்கு, அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் உள்ள பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதி ஒரு வரம்.

டெட்வுட் என்ற பழைய தங்கவேட்டை ஊரிலிருந்து எட்ஜ்மான்ட் வரை சுமார் 175 கிலோமீட்டர் நீள்கிறது மிக்கெல்சன் பாதை. ஒரு காலத்தில் இதில் ரயில் ஓடியது. 1983-இல் அது கைவிடப்பட்டது. பிறகு தண்டவாளம் போன இடத்தில் சரளை பரப்பி, 1998-இல் முழுப் பாதையையும் தயார் செய்துவிட்டார்கள். 100-க்கும் மேற்பட்ட பாலங்கள், பாறையைக் குடைந்த 4 சுரங்கங்கள் எல்லாம் ரயில் விட்டுப்போன சொத்து. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது அல்லவா? அதனால் மலைப்பாதை என்றாலும் பெரும்பாலும் ஏற்றம் மெதுவாகத்தான் வரும். வேகமாக மிதிப்பவரும் நிதானமாக மிதிப்பவரும் பேசிக்கொண்டே சேர்ந்து போகலாம்.

அருகிலேயே கஸ்டர் மாநிலப் பூங்கா. அங்கே பைசன் எனும் காட்டெருமைகள் ஆயிரத்துக்கும் மேல் மேய்கின்றன. மந்தை சாலையைக் கடந்தால் கார்கள் காத்திருக்கத்தான் வேண்டும். ஆண் பைசன் 900 கிலோ வரை இருக்கும். ஆனாலும் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். வாலைத் தூக்கி நட்டுக்கொண்டால் கோபம் என்று பொருள், உடனே விலகிவிட வேண்டும். வேட்டையால் அழிவின் விளிம்புக்குப் போன இனம் இது. 1914-இல் 36 பைசன்களை வாங்கி இந்தப் பூங்காவில் விட்டார்கள். இன்றைய மந்தை அவற்றிலிருந்து பெருகியது. இப்போது ஒவ்வொரு செப்டம்பரிலும் குதிரைச் சவாரிக்காரர்கள் மந்தையை வளைத்து ஓட்டிவருகிறார்கள். புல்வெளி தாங்கும் அளவுக்கு மேல் உள்ளவற்றைப் பூங்கா விற்றுவிடுகிறது.