ஒளியை அளந்த அறவோர் எர்ன்ஸ்ட் அபே

அறிவியல் அறிஞர் பலர். ஆசிரியப் பெருமக்கள் பலர். தொழில் வளர்த்த செல்வரும் பலர். இம்மூன்று நிலைகளும் ஒருவரிடத்தே ஒருங்கே அமைதல் அரிது. அவ்வாறு அமைந்தவருள்ளும், தாம் ஈட்டிய பொருள் எவர்க்குரியது என்று வினவித் தம் வாழ்வாலேயே விடை கூறியவர் மிக அரியர். அத்தகையோருள் ஒருவராகிய ஜெர்மானிய ஒளியியல் அறிஞர் எர்ன்ஸ்ட் அபேயின் (1840-1905) பணிகளை ஈண்டுக் காண்போம்.

இளமையும் கல்வியும்

அபே 1840 ஜனவரி 23 அன்று ஐசனாக் நகரில் பிறந்தார். தந்தையார் நூற்பாலைத் தொழிலாளி. நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் நின்றவாறே உழைத்தவர். உணவு கொண்டு சென்ற சிறுவன், தந்தை இயந்திரத்தில் சாய்ந்தபடி விரைந்து உண்டு, கலத்தைத் திருப்பித் தந்துவிட்டு மீண்டும் வேலைக்குத் திரும்பியதைக் கண்டான். பிற்காலத்தில் அபே இதனைத் தம் சொற்பொழிவில் நினைவுகூர்ந்துள்ளார். ஆலை உரிமையாளரின் உதவியால் கல்வி தொடர்ந்தது. யெனா, கோட்டிங்கன் பல்கலைக்கழகங்களில் பயின்று, 1861இல் முனைவர் பட்டம் பெற்று, 1863இல் யெனாவில் விரிவுரையாளரானார்.

தோல்வியில் விளைந்த கொள்கை

யெனாவில் கார்ல் சைஸ் என்பவர் 1846 முதல் பட்டறை ஒன்றை நடத்தி, நுண்ணோக்கிகள் செய்துவந்தார். அக்காலத்தில் வில்லைகளைத் தேய்ப்பதும், பொருத்திப் பார்ப்பதும், பொருந்தாவிடில் மாற்றுவதுமே முறை. கைத்திறனே முதல், கணக்கிற்கு இடமில்லை. இதனை மாற்ற விரும்பிய சைஸ், 1866இல் அபேயின் துணையை நாடினார்.

அபே கணக்கிட்டு அமைத்த முதல் வில்லைகள் பழைய வில்லைகளினும் தாழ்ந்த உருவையே தந்தன. பிறழ்ச்சியைக் குறைக்கக் கருதி, ஒளி புகும் கோணத்தை அவர் குறுக்கியிருந்தார். பிறழ்ச்சி குறைந்தது, ஆனால் நுண்மை மறைந்தது. ஏன் என்று ஆராய்ந்ததன் பயனே அவர்தம் புகழ்பெற்ற கொள்கை. நுண்பொருளின் வழியே செல்லும் ஒளி விளிம்பு விளைவால் விரிந்து பரவுகிறது. அமைப்பு எத்துணை நுண்ணியதோ அத்துணை அகலமாக ஒளி விரியும். விரிந்த ஒளியை வில்லை ஏற்றால்தான் அந்நுண்மை உருவில் தோன்றும். ஆகவே, வில்லை ஏற்கும் கோணம் அகன்றிருத்தல் வேண்டும்.

1873இல் அபே இதனை வெளியிட்டார். இதன்படி, எத்துணைச் சிறந்த நுண்ணோக்கியாயினும், ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதியினும் நெருங்கிய இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட இயலாது. மில்லிமீட்டரை 5000 கூறுகளாக்கின் அதில் ஒரு கூறளவே அவ்வெல்லை. ஒளிரும் மூலக்கூறுகளின் துணையால் அவ்வெல்லையைக் கடந்த மூவருக்கு 2014இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதுவரை அபேயின் எல்லையே ஒளி நுண்ணோக்கியின் எல்லையாகக் கருதப்பட்டது.

அபேயின் கணக்கிற்கு ஏற்ற கண்ணாடி அக்காலத்தில் இல்லை. எனவே, வேதியியலார் ஓட்டோ ஷாட்டுடன் இணைந்து 1884இல் யெனாவில் கண்ணாடித் தொழிற்கூடம் நிறுவப்பட்டது. அங்கு உருவான புதுவகைக் கண்ணாடிகளால், நிறப்பிறழ்ச்சியைப் பெரிதும் களைந்த வில்லைகள் 1886இல் வெளிவந்தன. நோய்க்கிருமிகளை ஆராய்ந்த ராபர்ட் காக் போன்றோர்க்கு யெனாவின் கருவிகளே கண்களாயின.

ஆசிரியரும் தொழில் முனைவரும்

அபே 1870இல் பேராசிரியராகவும், 1876இல் சைஸின் தொழிற்பங்காளராகவும், 1878இல் யெனா வானாய்வகத்தின் இயக்குநராகவும் ஆனார். பெர்லினிலிருந்து எல்ம்ஹோல்ட்ஸ் அழைத்தபோதும் அவர் யெனாவை விட்டு நீங்கவில்லை. தொழிலில் ஈட்டியதைப் பல்கலைக்கழக ஆய்வுக்குத் தம் பெயர் வெளிப்படாமல் வழங்கினார்.

செல்வத்தின் உரிமை

1888இல் சைஸ் மறைந்தார். மறு ஆண்டே அபே, நண்பரின் பெயரால் கார்ல் சைஸ் அறக்கட்டளையை நிறுவினார். 1891இல் தொழில்களில் தமக்கிருந்த பங்குகளை அதற்கு உரிமையாக்கினார். தம் அறிவு பல்கலைக்கழகம் தந்தது. பொருளோ பலர் உழைப்பில் விளைந்தது. ஆகவே அது தமக்கு மட்டும் உரியதன்று என்பது அவர் கருத்து.

1896இல் வகுத்த விதிகள் இன்றும் வியப்பளிப்பன. பிறப்பு, சமயம், அரசியல் சார்பு ஆகியவற்றைக் கொண்டு எவரையும் வேறுபடுத்தலாகாது. ஊதியத்துடன் விடுமுறை, ஓய்வூதியம், இலாபத்தில் பங்கு ஆகியவை உண்டு. தலைமை அலுவலரின் ஊதியம் தொழிலாளரின் சராசரி ஊதியத்தைப் போல் பத்து மடங்கிற்கு மிகுதல் கூடாது. 1900இல் எட்டு மணி நேர வேலை நாள் நடைமுறைக்கு வந்தது. ஒன்பது மணி நேரத்தில் விளைந்ததினும் எட்டு மணி நேரத்தில் விளைந்தது குறையவில்லை. சற்று மிகுந்தது என்பதைக் கணக்கிட்டும் காட்டினார். வில்லைக்குப் பயன்பட்ட கணக்கே தொழிலாளர்க்கும் துணையாயிற்று!

1905 ஜனவரி 14 அன்று அபே மறைந்தார். உலகப் போருக்குப் பின் நாடும் நிறுவனமும் பிளவுண்டு மீண்டும் இணைந்தன. எனினும், சைஸ் நிறுவனத்தின் உரிமையாளராக இன்றும் விளங்குவது அவ்வறக்கட்டளையே.

கல்வி வேறு, தொழில் வேறு, அறம் வேறு என்று நாம் பிரித்துக் காண்கிறோம். அபேயிடம் அவை ஒன்றையொன்று வளர்த்தன. பிறர் உதவியால் பயின்ற ஏழைச் சிறுவன், பலர் பயிலவும் பிழைக்கவும் வழிவகுத்தான். கல்விக்கூடங்களைப் பேணும் பெரியோர்க்கும் அங்குப் பயிலும் இளைஞர்க்கும் இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே: பெற்ற கல்வி, திருப்பிச் செலுத்தவேண்டிய கடன். அக்கடனை நாமும் மறவாதிருப்போமாக!