தசையணுவின் உட்கருவில் ஆக்டின்

கை நீட்டுவதும், கால் மடக்குவதும், மூச்சு வாங்குவதும் தசைகள் சுருங்குவதால் நிகழ்பவை. இச்சுருக்கத்திற்கு இன்றியமையாத புரதங்கள் மையோசின், ஆக்டின் என்னும் இரண்டாகும். ஆக்டினை 1942ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டின் ஸெகெட் நகரில், ஸென்ட்-ஜியார்ஜியின் ஆய்வுக்கூடத்தில் ஸ்ட்ரௌப் என்னும் அறிஞர் பிரித்தெடுத்தார். இவ்விரு புரதங்களின் இழைகள் ஒன்றையொன்று உரசிச் சறுக்குவதே தசைச் சுருக்கம் என்பது 1954இல் விளக்கப்பெற்றது.

ஆக்டின் தனி மணிகளாகவும், அம்மணிகள் கோத்த இழைகளாகவும் காணப்படும். எந்நிலையில் எவ்வளவு இருக்கவேண்டும் என்பதை ஆக்டினைப் பற்றும் புரதங்கள் ஒழுங்குபடுத்துகின்றன. புரோஃபிலின், மணிகளை இழையின் நுனியில் சேர்க்கிறது. கோஃபிலின் பழைய இழைகளைத் துண்டிக்கிறது. ஆல்பா-ஆக்டினின் இழைகளைக் குறுக்கே பிணைக்கிறது.

ஆக்டின் உட்கருவிற்கு வெளியில் மட்டுமே உள்ளதென நெடுங்காலம் கருதப்பட்டது. உட்கருவிலும் அது உண்டு என்பது இன்று உறுதியாகிவிட்டது. கோஃபிலினும் இம்போர்ட்டின்-9 என்னும் புரதமும் துணைநிற்க அது உள்ளே செல்கிறது. புரோஃபிலினும் எக்ஸ்போர்ட்டின்-6 என்பதும் அதனை வெளியேற்றுகின்றன. உட்கருவில் மரபணுக்கள் படியெடுக்கப்படும் பணியில் ஆக்டினுக்குப் பங்கு உண்டு. உயிரணு கடுமையான வெப்பத்திற்கு உள்ளானால், ஆக்டினும் கோஃபிலினும் திரண்டு உட்கருவினுள் கோல்களாக உருவெடுப்பதும் உண்டு.

இவ்வொழுங்கு பிறழ்ந்தால் நேரும் தீங்கிற்கு நெமலைன் தசைநோய் ஓர் எடுத்துக்காட்டு. 1963இல் விவரிக்கப்பட்ட இந்நோயில் தசையணுக்களுள் நூல் போன்ற கோல்கள் தோன்றும். சிலரிடம் அவை உட்கருவினுள்ளேயே அமைகின்றன. எலும்புத்தசை ஆக்டினுக்குரிய மரபணுவின் பிறழ்ச்சியே சிலருக்கு இதன் காரணம் என்பது 1999இல் வெளியாயிற்று. நெபுலின், கோஃபிலின்-2 ஆகிய புரதங்களின் மரபணுக்கள் பிறழ்ந்தாலும் இந்நோய் உண்டாகும்.

குழந்தை துவண்டு கிடத்தல், பால் உறிஞ்ச இயலாமை, கழுத்து நில்லாமை, முகத்தசைத் தளர்ச்சி ஆகியன இதன் அறிகுறிகள். இவை வேறு நோய்களிலும் தோன்றக்கூடுமாதலால், மருத்துவர் தசைத்துணுக்கை நுண்ணோக்கியில் ஆய்ந்தும், மரபணுச் சோதனை செய்தும் முடிவு கூறுவர். நோயை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. எனினும் மூச்சுத்தசைகளின் தளர்ச்சியே உயிருக்குப் பெரிதும் ஆபத்தானது. அதனைக் காலத்தில் கண்டு சுவாசத்திற்குத் துணைசெய்தால் உயிரைக் காக்க இயலும்.

இந்நோய் பொதுவாக அறிவுத்திறனைப் பாதிப்பதில்லை. ஆகவே, ஓடியாட இயலாத, முகத்தில் உணர்ச்சி காட்டாத மாணவனைச் சோம்பேறி என்றோ மந்தன் என்றோ ஆசிரியர் முடிவு கட்டலாகாது. அத்தகைய குழந்தையைக் காணும் களப்பணியாளர், தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.