ஒட்டுப்பலகையும் மரவளமும்

புளியங்கூடலில் வீட்டுக்கும் அலமாரிக்கும் ஒட்டுப்பலகை வாங்கும் கமக்காரர், அது தோன்றிய வரலாற்றையும் அறிதல் நன்று.

மரக்குற்றியைச் சுழற்றி, நீண்ட கத்தியால் மெல்லிய தகடாக உரித்தெடுப்பர். ஒன்றன் இழை நெடுக்காகவும் அடுத்ததன் இழை குறுக்காகவும் அமையுமாறு 3, 5, 7 என அடுக்கி, பசையிட்டுச் சூட்டுடன் அழுத்துவர். ஆதலால் இப்பலகை எளிதிற் பிளவாது.

இலங்கையில் இத்தொழில் தேயிலைப் பெட்டிக்காகவே வளர்ந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காலிக்கு அண்மையில் கிந்தோட்டையில் அரசாங்கம் ஆலை அமைத்தது. 1950களில் அது கூட்டுத்தாபனமாயிற்று. பின்னர் கொஸ்கமையில் பெரிய ஆலை எழுந்தது. அதற்கென 1970களின் தொடக்கத்திற் சிங்கராஜ வனத்தில் இயந்திரங்கொண்டு மரம் தறித்தனர். மக்கள் எதிர்ப்பினால் 1977இல் அது நின்றது. 1988இல் அவ்வனம் உலக மரபுரிமையாயிற்று. காலப்போக்கில் தேயிலையும் காகிதச் சாக்குக்கு மாறியது. இன்று பால் குறைந்து தறிக்கப்படும் இறப்பர் மரங்களும் பலகைத் தொழிலுக்கு உதவுகின்றன.

மரம் வளரும் அளவை மிஞ்சி வெட்டினால் காடு அழியும். நட்ட மரத்தை நம்பிய தொழிலே நிலைக்கும். இவ்வுண்மை நம் தீவுக்கும் பொருந்தும். பனை வைரமேற நெடுங்காலம் செல்லும். ஆகவே ஒரு பனையைத் தறிக்குமுன் பல விதைகளை ஊன்றுக. மாரி தொடங்கியதும் வேலியோரம் பூவரசந் தடிகளையும் வேப்பங்கன்றுகளையும் நடுக. வாங்கிய ஒட்டுப்பலகையின் ஓரங்களுக்கு வர்ணம் பூசி, ஈரம் படாது காப்பீராக. ஒரு பலகை நீடித்துழைத்தால் ஒரு மரம் தப்பும்.