காருக்கு அடியில் எண்ணெய்க் கறையா? போல்ட்டை இறுக்கும் முன் படியுங்கள்

காலையில் காரை வெளியே எடுத்த பிறகு திரும்பிப் பார்க்கிறீர்கள். நின்ற இடத்தில், சிமெண்டுத் தரையில் ஒரு கறுப்பு வட்டம். தொட்டால் பிசுபிசுக்கிறது, கருகிய வாடை வேறு. ஏர்கோன் தண்ணீருக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஆகவே இது எஞ்சின் எண்ணெய்தான். பக்கத்து வீட்டுக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "ஆயில் பேன் கேஸ்கெட் போயிருக்கும், போல்ட்டை நல்லா இறுக்கிவிடுங்க" என்பார். அவர் சொன்னதில் முதல் பாதி சரியாக இருக்கலாம். இரண்டாம் பாதிதான் காரியத்தைக் கெடுக்கும்.

முதலில் கசிவின் அளவைப் பாருங்கள். ஒரு துளி எண்ணெய் 0.03 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஒரு துளி என்றாலும் நாளொன்றுக்கு 43 மில்லிலிட்டர். ஒரு மாதத்தில் ஒரு லிட்டருக்கு மேல். பல கார்களில் அளவுகோல் குச்சியின் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் உள்ள வித்தியாசமே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். கிராங்க் தண்டும் பேரிங்கும் ஒன்றையொன்று உரசாமல் சுழல்வது, இடையில் நிற்கும் சில மைக்ரோன் எண்ணெய்ப் படலத்தால். தொட்டியில் எண்ணெய் குறைந்து, வளைவில் திரும்பும்போது பம்பு காற்றை உறிஞ்சிவிட்டால் அந்தப் படலம் அறுந்துபோகும். சிவப்பு எண்ணெய் விளக்கு எரிந்தால் வீடு வரை ஓட்டிப் போகலாம் என்று நினைக்காதீர்கள். அங்கேயே எஞ்சினை நிறுத்துங்கள்.

ஆயில் பேன் எஞ்சினின் ஆக அடியில் இருப்பதால் எல்லாப் பழியும் அதன் மேல்தான் விழும். மேலே வால்வு மூடியில் கசிந்தாலும், ஆயில் ஃபில்டரில் கசிந்தாலும், எண்ணெய் வழிந்து கடைசியில் சொட்டுவது இங்கேதான். ஓடும்போது காற்று அதைப் பின்பக்கம் தள்ளியும்விடும். எனவே அடிப்பகுதியை நன்றாகக் கழுவி, காயவைத்து, சந்தேகப்படும் இடமெல்லாம் முகப்பவுடரைத் தூவுங்கள். சிறிது நேரம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்திப் பார்த்தால், பவுடர் எந்த உயரத்தில் முதலில் நனைந்திருக்கிறதோ அங்கேதான் ஊற்றுக்கண்.

கேஸ்கெட் செய்யும் வேலை எளிமையானது. கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் உலோகத்திலும் மேடு பள்ளங்கள் உண்டு. இரண்டு உலோகங்களுக்கு நடுவே நசுங்கிப் போய் அந்தப் பள்ளங்களை நிரப்புவதுதான் அதன் பணி. ஆனால் அது சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. காலையில் 30 பாகை செல்சியஸில் இருக்கும் எஞ்சின் ஓடும்போது 100 பாகைக்குச் சூடேறுகிறது. 40 சென்டிமீட்டர் நீளமுள்ள அலுமினியத் தொட்டி அப்போது ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர் நீளும். அதைத் தாங்கும் வார்ப்பிரும்பு பிளாக் அதில் பாதிதான் நீளும். ஒவ்வொரு பயணத்திலும் கேஸ்கெட் இப்படி இழுபட்டு, பிறகு சுருங்குகிறது. பல ஆண்டுகள் இப்படியே போனால் ரப்பர் இறுகி, நசுங்கிய நிலையிலேயே நின்றுவிடும். எழும்பி வந்து இடைவெளியை நிரப்பும் சக்தி அதற்கு இராது.

அந்த நிலையில் போல்ட்டை இறுக்கினால் என்ன நடக்கும்? ரப்பரை அழுத்தினால் அதன் கன அளவு குறையாது. பக்கவாட்டில் பிதுங்கும், கடைசியில் கிழியும். கார்க் வேறு ரகம். அதன் நுண்ணறைகள் உள்ளுக்குள்ளேயே மடங்குவதால் பக்கவாட்டில் அவ்வளவாகப் பிதுங்காது. அதனால்தான் பழைய கேஸ்கெட்டுகளில் கார்க்கைக் கலந்தார்கள். ஆனால் அளவு மீறினால் கார்க்கும் வெடிக்கும். தகட்டுத் தொட்டியாக இருந்தால் போல்ட் துளையைச் சுற்றி விளிம்பு மேலே குவிந்து, இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவில் இடைவெளி விடும். இறுக்க இறுக்க அதிகம் ஒழுகுவதன் காரணம் இதுதான்.

மாற்றுவது என்று முடிவு செய்தால், காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி அடியில் நுழையவே கூடாது; தாங்கிக் கால்கள் கட்டாயம். புகைக்குழாயையோ சட்டத்தையோ கழற்ற வேண்டிய கார் என்றால் பட்டறையிடம் விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. கேஸ்கெட் மலிவானது, நீங்கள் கொடுப்பது கூலிக்குத்தான்.

எண்ணெயை வடித்து, தொட்டியை இறக்கிய பிறகு பழைய கேஸ்கெட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அதன் பொடி எஞ்சினுக்குள் போனால் பேரிங்கைத் தின்றுவிடும். குவிந்த தகட்டு விளிம்பைத் தட்டையான இரும்பின் மேல் வைத்து மெதுவாகத் தட்டிச் சமப்படுத்துங்கள். இரண்டு பரப்பிலும் எண்ணெய்ப்பசை துளியும் இருக்கக்கூடாது.

போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, குறுக்கு மறுக்காக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். சரியான அளவு உங்கள் காரின் கையேட்டில் இருக்கும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் அளவில்தான் வரும். அதாவது 10 சென்டிமீட்டர் ஸ்பேனரின் முனையில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டது போல. கையில் பலம் உள்ளவர்கள் அதைச் சுலபமாகத் தாண்டிவிடுவார்கள்.

பல கார்களில் வெட்டிய கேஸ்கெட்டே கிடையாது. குழாயில் வரும் சிலிக்கோன் பசைதான். அது காய்வது வெயிலால் அல்ல, காற்றில் உள்ள ஈரத்தால். நம் நாட்டில் ஈரத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் பொட்டலத்தில் போட்டிருக்கும் நேரம் முடியும்வரை எண்ணெய் ஊற்றாதீர்கள். பசையை அள்ளிப் பூசவும் வேண்டாம். உள்ளே பிதுங்கிய துண்டு அறுந்து விழுந்தால், எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வலையில் போய் அடைத்துக்கொள்ளும்.

எல்லாம் சரியாகச் செய்தும் சில மாதங்களில் மறுபடி ஒழுகுகிறதா? பிசிவி வால்வைப் பாருங்கள். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே இறங்கும். அதை வெளியேற்றும் இந்த வால்வு அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த கேஸ்கெட்டாக இருந்தாலும் எண்ணெயை வெளியே தள்ளும். அதன் விலை கேஸ்கெட் மாற்றும் கூலியில் சிறு பங்குதான். அதையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது.

வடித்த பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். மலேசியாவில் அது 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி எஸ்டபிள்யூ 305 என்று பட்டியலிடப்பட்ட கழிவு. மூடியுள்ள புட்டியில் சேர்த்து, பழைய எண்ணெயை ஏற்கும் பட்டறையில் கொடுங்கள். புது எண்ணெய் ஊற்றி ஓட்டிய இரவு, காருக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள்; மறுநாள் காலை காரை எடுக்கும் முன் அதைப் பாருங்கள்.