அடிவானத்தின் மேல் ஒரு ஸ்கேல்

லண்டன் தடங்கள்: அத்தியாயம் 14

1870ல் ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ் பழைய பெட்ஃபோர்டு கால்வாயில் பூமியின் வளைவைக் காட்டி ஐந்நூறு பவுண்டு பந்தயத்தை வென்றதையும், அதற்காக அவர் பட்ட பாட்டையும் சென்ற வாரம் பார்த்தோம். பந்தயம் முடிந்ததே தவிர, வழக்கு முடியவில்லை. 34 ஆண்டுகள் கழித்து அதே கால்வாய்க்கு ஒரு புதிய சாட்சி வந்தது. இம்முறை மனிதக் கண் அல்ல, கேமரா.

1904 மே 11 அன்று எலிசபெத் ஆன் பிளவுன்ட் சீமாட்டி அங்கே வந்தார். பூமி தட்டை என்று வேதாகமத்தைக் காட்டி வாதிட்ட யுனிவர்சல் ஸெடெடிக் சொசைட்டியை முன்நின்று நடத்தியவர் அவர். லண்டனின் டால்மேயர் நிறுவனத்திலிருந்து எட்கர் கிளிஃப்டன் என்ற புகைப்படக்காரரை அமர்த்தியிருந்தார். டால்மேயர் லென்ஸுகள் அந்நாளில் உலகப் புகழ் பெற்றவை. டெலிஃபோட்டோ லென்ஸுக்கு 1891லேயே காப்புரிமை வாங்கிய குடும்பம் அது. வெல்னியில் தண்ணீருக்கு இரண்டடி உயரத்தில் கேமரா வைக்கப்பட்டது. ஆறு மைல் தள்ளி, கீழ் விளிம்பு தண்ணீரை ஒட்டி இருக்கும்படி ஒரு பெரிய வெள்ளைத் துணி கட்டப்பட்டது.

கணக்குப்படி என்ன தெரிந்திருக்க வேண்டும்? இரண்டடி உயரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மைலில் நீர்ப்பரப்பு முடிந்துவிடும். மிச்சமுள்ள நாலே கால் மைலில் பூமியின் வளைவு சுமார் 12 அடி உயரத்தை மறைத்துவிடும். ஆனால் கிளிஃப்டனின் தகட்டில் துணி பதிந்திருந்தது. அவரே வியந்து போனார். பிளவுன்ட் சீமாட்டி அந்தப் படத்தை ஊரெங்கும் பரப்பினார்.

இந்தப் படம் பொய்யல்ல. யாரும் அதில் கைவைக்கவில்லை. தண்ணீர் குளிர்ந்தும் அதன் மேலுள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும்போது, நீரை ஒட்டிச் செல்லும் ஒளி கீழ்நோக்கி வளைந்து பூமியின் வளைவோடு கூடவே போகும். மறைந்திருக்க வேண்டிய பொருள் தூக்கிக் காட்டப்படும். கடலோரத்தில் இருப்பவர்கள் தூரத்துக் கப்பல் அந்தரத்தில் நிற்பதுபோல் சில நாட்கள் பார்த்திருப்பார்கள், காரணம் இதேதான். இளமையில் நில அளவைத் தொழில் செய்தவர் வாலஸ். நீரை ஒட்டிப் பார்த்தால் காற்று ஏமாற்றும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் 1870ல் தன் பார்வைக் கோட்டைப் பதின்மூன்று அடிக்கு மேல் உயர்த்தி, நடுவழியிலும் ஓர் அடையாளத்தை நட்டார். பிளவுன்ட் சீமாட்டியின் கேமராவோ, ஏமாற்று எங்கே மிக அதிகமோ அங்கேயே போய் உட்கார்ந்தது.

நீர்மட்டத்தில் இவ்வளவு சிக்கல் என்றால், மேலே ஏறிப் பார்த்தால் தீர்ந்துவிடாதா? விக்டோரியா கால லண்டன் ஏறிப் பார்த்தது. கிரீனிச் வானாய்வகத்தின் வானிலைப் பிரிவுத் தலைவர் ஜேம்ஸ் கிளெய்ஷர், ஹென்றி காக்ஸ்வெல்லோடு 1862 முதல் பலூனில் பறந்தார். அவற்றில் சில பயணங்கள் தென் லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்திலிருந்தே கிளம்பின. 1862 செப்டம்பர் 5 அன்று வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து ஏறியபோது 29,000 அடியில் கிளெய்ஷர் நினைவிழந்தார். குளிரில் கை மரத்துப்போன காக்ஸ்வெல், வால்வுக் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்து இருவர் உயிரையும் காப்பாற்றினார்.

இவ்வளவு உயரம் போனவர்கள் பூமி உருண்டையாகத் தெரிந்தது என்று சொல்லியிருப்பார்கள் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். பலூன்காரர்கள் பலரும் சொன்னது வேறு: பூமி ஒரு பெரிய கிண்ணம்போல் குழிந்து தெரிகிறது, அடிவானம் கூடவே ஏறிவந்து கண்மட்டத்தில் நிற்கிறது. 'பேரலாக்ஸ்' என்ற புனைபெயரில் எழுதிய சாமுவேல் ரோபாத்தம் இதை விடுவாரா? தட்டை பூமிக் கட்சியின் மூலவரான அவர், பலூன்காரர்களின் வாக்குமூலங்களைத் தன் நூலில் வரிசையாக அடுக்கினார். கிரீனிச் அதிகாரியே தன் பக்கம் சாட்சி என்றார்.

அவர்கள் கண்ணில் பட்டதை நேர்மையாகத்தான் சொன்னார்கள். ஒன்பது கிலோமீட்டர் உயரத்தில் அடிவானம் கண்மட்டத்துக்குக் கீழே இறங்குவது சுமார் மூன்று பாகை. ஆறு முழு நிலவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம் அது. ஆனால் வானத்தில் மட்டக்கோடு எதுவும் போட்டு வைக்கப்படவில்லை. மட்டம் எது என்பதை மனிதக் கண் அடிவானத்தை வைத்தே தீர்மானிக்கிறது. அடிவானமே மூன்று பாகை இறங்கினாலும் அதுவே மட்டம் என்று எடுத்துக்கொள்கிறது. நேர் கீழே தரை பாதாளத்தில் இருக்க, சுற்றிலும் விளிம்பு கண்ணுக்கு நேராக நின்றால் மனம் கிண்ணத்தைத்தான் கட்டும்.

கேமராவும் உடனே உதவிக்கு வரவில்லை. 1863ல் ஹென்றி நெக்ரெட்டி காக்ஸ்வெல்லின் பலூனில் ஏறிப் படமெடுக்க முயன்றார். சுழலும் கூடையும் ஈரத் தகடும் ஒத்துவரவில்லை. 1882ல் செசில் ஷாட்போல்ட் வட லண்டனின் ஸ்டாம்ஃபோர்டு ஹில் பகுதியைச் சுமார் 2,000 அடியிலிருந்து எடுத்த படம் இன்றும் இருக்கிறது. அதில் தெருக்களும் வீடுகளும் ரயில் பாதையும் உண்டு. வளைவைக் காட்ட அந்த உயரம் போதவே போதாது.

எந்த உயரம் போதும்? வளிமண்டல ஒளியியல் ஆய்வாளர் டேவிட் லின்ச் 2008ல் 'அப்ளைடு ஆப்டிக்ஸ்' இதழில் இதற்கு விடை எழுதினார். சுமார் 35,000 அடி, அறுபது பாகைக்குக் குறையாத அகலப் பார்வை, மேகமில்லாத அடிவானம். மூன்றும் சேர்ந்தால்தான் கண்ணுக்கு வளைவு தட்டுப்படத் தொடங்கும். ஹீத்ரோவிலிருந்து சென்னைக்கோ கொழும்புக்கோ போகும் விமானங்கள் இந்த எல்லைக்கோட்டின் மேலேயே பறக்கின்றன. லண்டன் தமிழர் வீடுகளில் இந்த விவாதம் ஓயாததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஈஸ்ட் ஹாமில் ஒரு விருந்தில் யூடியூபில் மூழ்கிய ஓர் இளைஞர், பல்கலைக்கழக மாணவர், தன் மடிக்கணினியில் இரண்டு படங்களைத் திறந்து காட்டினார். இரண்டும் விமான ஜன்னல் வழியாக, போனின் 0.5 அகல லென்ஸில் எடுத்தவை. ஒன்றில் அடிவானம் சட்டத்தின் மேற்பகுதியில் இருந்தது. அழகாக மேல்நோக்கி வளைந்திருந்தது. மற்றதில் அது கீழ்ப்பகுதியில், குழிந்திருந்தது.

"அண்ணை, ரெண்டும் ஒரே பிளைட்டில எடுத்தது. ஒண்டில உலகம் குவிஞ்சிருக்கு, மற்றதில குழிஞ்சிருக்கு. இதை வைச்சு நீங்கள் என்னத்தை நிரூபிக்கப் போறியள்?"

"ஒன்றும் நிரூபிக்க முடியாது தம்பி" என்றேன். அவர் கேட்டது சரியான கேள்வி. அகலக் கோண லென்ஸ், மையத்துக்கு மேலே உள்ள நேர்க்கோட்டை மேலேயும், கீழே உள்ளதைக் கீழேயும் வளைக்கும். சரியாக மையத்தின் வழியே போகும் கோட்டை மட்டும் நேராக விட்டுவைக்கும். ஆகவே அடிவானம் சட்டத்தின் நடுவில் இருக்கும் படத்தைத் தேடினோம். ஒன்று கிடைத்தது. திரையின் குறுக்கே, அடிவானத்தின் இரு முனைகளையும் தொடும்படி ஒரு ஸ்கேலை வைத்தார். 11 கிலோமீட்டர் உயரத்தில், அறுபது பாகை அகலப் படத்தில், நடுப்பகுதி முனைகளைவிட உயர்ந்திருக்க வேண்டிய அளவு படத்தின் அகலத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 30 சென்டிமீட்டர் திரையில் இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஸ்கேலுக்கு மேலே மெல்லிய நீலக்கீற்று தெரிந்தது. மங்கலான அடிவானம், வளைந்த அக்ரிலிக் ஜன்னல், எல்லாம் சேர்ந்து அந்தக் கீற்றைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கத்தான் செய்தன.

பூமி உருண்டை என்று வாதிடுபவர்கள் மீதும் எனக்கு இங்கே ஒரு குறை உண்டு. 2012ல் ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்த காட்சியில் வில்லாக வளைந்து தெரியும் பூமியைப் பலர் ஆதாரமாகப் பரப்பினார்கள். அந்த வளைவில் பெரும்பகுதி லென்ஸின் உபயம். சரியான முடிவுக்குத் தவறான ஆதாரம் காட்டினால், அது உடையும் நாளில் முடிவும் சேர்ந்து உடைந்ததாகவே எதிரே நிற்பவர் நினைப்பார். மீன்கண் லென்ஸ் படத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள்தான் பிறகு எல்லாப் படத்தையும் சந்தேகிக்கிறார்கள்.

ஐயத்துக்கு இடமில்லாத படங்கள் இருக்கின்றன. 1935 நவம்பர் 11 அன்று அமெரிக்காவின் எக்ஸ்ப்ளோரர் 2 பலூன் 72,395 அடி ஏறியது; ஆல்பர்ட் ஸ்டீவன்ஸ் எடுத்த படத்தில் வளைவு பதிந்தது. 1946 அக்டோபர் 24 அன்று நியூ மெக்சிகோவிலிருந்து ஏவப்பட்ட வி-2 ராக்கெட், 105 கிலோமீட்டர் உயரத்திலிருந்து படமெடுத்தது. ராக்கெட் தரையில் மோதி நொறுங்கியது. எஃகுப் பெட்டிக்குள் ஃபிலிம் தப்பியது. 1976 ஜனவரி முதல் 2003 அக்டோபர் வரை ஹீத்ரோவிலிருந்து பறந்த கான்கார்டில் 60,000 அடிவரை போனவர்கள், கருநீல வானத்தையும் வளைந்த விளிம்பையும் சின்னஞ்சிறு ஜன்னல் வழியே கண்ணாலேயே பார்த்தார்கள்.

1956ல் டோவர் நகரில் சர்வதேச தட்டை பூமி ஆய்வுச் சங்கத்தைத் தொடங்கிய சாமுவேல் ஷென்டன், பெயர்ப்பலகை எழுதும் தொழிலாளி. பள்ளிகளுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் போய்ப் பேசுவார். செயற்கைக்கோள் படங்கள் வரத் தொடங்கியதும் அவர் தரப்பில் இரண்டு பதில்கள் எழுந்தன. ஒன்று, லென்ஸ் வளைக்கிறது. இரண்டு, படமே மோசடி. முதலாவதை நான் மதிக்கிறேன். அது எந்த லென்ஸ், எவ்வளவு வளைக்கும் என்ற சோதனைக்குக் கதவைத் திறக்கிறது. இரண்டாவது எந்தச் சோதனைக்கும் இடம் கொடுக்காது. 1971ல் அவர் இறக்கும்வரை இரண்டாவது பதிலின் கையே ஓங்கியிருந்தது.

ஈஸ்ட் ஹாம் தம்பியிடம் நான் சொன்னது வேறொரு வழி. வளைவைத் தேடாதே, இறக்கத்தை அள. அடிவானம் கண்மட்டத்திலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்பது, அது எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதைவிடப் பல மடங்கு பெரிய அளவு. பதினோராம் நூற்றாண்டில் அல் பிரூனி, இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள நந்தனா கோட்டை மலையில் நின்று இந்த இறக்கத்தை அரைப் பாகைக்குச் சற்று மேல் என்று குறித்து, அதிலிருந்து பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டதாக எழுதிவைத்திருக்கிறார். அந்த மலை சுமார் 320 மீட்டர். லண்டனின் ஷார்டு கட்டடம் 310 மீட்டர்.

ஆனால் ஷார்டில் அந்தச் சோதனை எடுபடாது. 244 மீட்டரில் உள்ள பார்வை மாடத்திலிருந்து தெற்கே பார்த்தால் நார்த் டவுன்ஸ் குன்றுகள், வடமேற்கே சில்டெர்ன் குன்றுகள், நடுவே எப்போதும் ஒரு புகைமூட்டம். சுத்தமான அடிவானம் வேண்டுமென்றால் கடல் வேண்டும். விக்டோரியாவில் ரயிலேறி ஈஸ்ட்போர்ன் போய், பீச்சி ஹெட் சுண்ணாம்புப் பாறை மேல் நிற்கலாம். கடலிலிருந்து 162 மீட்டர். நம்மூர்க் கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் லெவல் ஒன்று போதும். இரண்டு முனைகளையும் ஒரு மீட்டர் இடைவெளியில் நிறுத்தி, இரண்டு நீர்மட்டமும் ஒரே கோட்டில் வரும்படி கடலைப் பார்த்தால், எதிர்முனை நீர்மட்டத்துக்குச் சுமார் ஏழு மில்லிமீட்டர் கீழே அடிவானம் தெரியும். விமானத்தில் இந்த இறக்கம் மூன்று பாகைக்கு மேல்: ஒரு ஸ்கேல் நீளமுள்ள டியூபில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர். விமானம் ஒரு பக்கம் சாயாமல் பறக்கிறதா என்று மட்டும் கவனிக்க வேண்டும்.

தட்டையான தரையென்றால் எவ்வளவு ஏறினாலும் அடிவானம் கண்மட்டத்தை விட்டு இறங்காது. உருண்டையென்றால் நான்கு மடங்கு உயரத்துக்கு இரண்டு மடங்கு இறங்கும். இதில் யாருடைய படத்தையும் நம்ப வேண்டியதில்லை. தம்பி டியூப் வாங்கிவிட்டார். பீச்சி ஹெட் போக வெயில் நாளுக்குக் காத்திருக்கிறார்.

கோணத்தை அளந்தே பூமியின் வடிவத்தைப் பிடிக்கலாம் என்ற இந்த நம்பிக்கையோடுதான் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலையருகே சங்கிலியை விரித்தார். அவருடைய அரை டன் தியோடலைட்டைச் செய்தவர் லண்டன் கருவி வினைஞர் வில்லியம் கேரி. வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி மொரீஷியஸ் போய்த் திரும்பிய அந்தக் கருவி, 1808ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து மோதியது. கேரியின் பட்டறையில் அது உருவான விதத்தையும் லாம்டன் தன் கையாலேயே அதைச் செப்பனிட்ட விதத்தையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)