நகரத் திட்டமிடலில் முன்னுரிமை: யாழ்ப்பாண நகரம்

சிறு நகரொன்றின் வருமானம் குறைவு, தேவைகளோ பல. எனவே இருபது ஆண்டுத் திட்டமொன்றில் எதனை முதலில் வைப்பது என்பதே பிரதான வினாவாகும். பரீட்சையில் தேவைகளைப் பட்டியலிட்டால் மட்டும் போதாது, காரணமும் காட்டவேண்டும். பிந்தினால் திருத்த முடியாதது எது என நோக்குக.

யாழ்ப்பாண நகரை எடுத்துக்கொள்வோம். இங்கு வற்றாத ஆறு இல்லை. மாரிமழை நீர் மயோசீன் காலச் சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீர் வில்லையாகத் தங்குகின்றது. கிணறுகள் தருவது இந்நீரையே. அதே காணியில் மலக்குழியும் இருப்பதால் கழிவு விரைவாகக் கிணற்றை அடைந்து நைத்திரேற்று கூடுகின்றது. அளவுமீறி இறைத்தால் உவர்நீர் மேலெழும். தாளையடியில் 2024 இல் திறக்கப்பட்ட, கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் குடிநீர்த் தட்டுப்பாட்டைத் தணிக்கும். ஆனால் நிலத்தடி நீரைத் தூய்மையாக்காது.

ஆகவே கழிவுநீர்க் குழாய்த் தொகுதியும், ஆரியகுளம் போன்ற குளங்களைத் தூர்வாரிப் பேணுதலும் முதலிடம் பெறும். வீதி அகலிப்பு, கடைத்தொகுதி என்பன அடுத்தவை. (கண்ணுக்குத் தெரிபவை என்பதால் இவையே பெரும்பாலும் முந்திவிடுகின்றன.) குழாய் பதித்த பின்பே வீதிக்குத் தார் இடவேண்டும், மாறிச் செய்தால் புதிய வீதியையே மீண்டும் தோண்ட நேரிடும்.