மறுமுனையில் ஒரு குரல்

நுழையும்முன்

ஆபத்து நேரத்தில் மூன்று இலக்கங்களை அழுத்தினால் உதவி வரும் என்பதை இன்று சிறு பிள்ளைகளும் அறிவர். அந்த எண்ணுக்கும் வாசலில் வந்து நிற்கும் ஊர்திக்கும் இடையே ஒரு மனிதர் அமர்ந்திருக்கிறார். நோயாளியை அவர் பார்ப்பதில்லை. அவரை நோயாளியும் பார்ப்பதில்லை. கேட்பதும் கேள்வி கேட்பதுமே அவருடைய தொழில். அத்தொழிலைப் புதிதாகக் கற்கும் ஒருவர் எவற்றையெல்லாம் அறிய வேண்டியுள்ளது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்திச் சேவை 2008ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கியது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 2005இல், ஐதராபாத்தில் தோன்றிய சேவை அது. நீலகிரி மலைச்சரிவில் உள்ள குடியிருப்பிலிருந்து அழைத்தாலும், இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து அழைத்தாலும், அழைப்பை ஏற்பவர் கட்டுப்பாட்டு அறையில் ஒரு கணினியின் முன் அமர்ந்திருப்பார். அவர் அந்த மலையையும் அந்தக் கடற்கரையையும் ஒருமுறைகூடக் கண்டிராதவராக இருக்கலாம். ஆயினும் அங்கே எந்தத் தெருவில், எந்த வீட்டின் முன் ஊர்தி நிற்க வேண்டும் என்பதைச் சில நொடிகளில் அவர் அறிந்தாக வேண்டும்.

இப்பணியில் சேர்வோர் பெரும்பாலும் கல்லூரிப் படிப்பை முடித்த இளைஞர்கள். தட்டச்சுவேகம், நிலப்பட வாசிப்பு, நோய்க்குறிகளின் பெயர்கள் ஆகியவற்றை வகுப்பறையில் கற்றுவிடலாம். எஞ்சியதை, மூத்தவர் ஒருவரின் அருகில் அமர்ந்து, அவர் ஏற்கும் அழைப்புகளைத் தாமும் கேட்டுத்தான் கற்க வேண்டும். புதியவர் முதலில் வியப்பது ஒன்றே. மறுமுனையில் அலறல் கேட்கும்போதும் மூத்தவர் முதலில் கேட்பது, “என்ன ஆயிற்று?” என்பதன்று, “எந்த ஊர்?” என்பதே.

எங்கே என்னும் கேள்வி

இந்த வரிசைக்குத் தெளிவான காரணம் உண்டு. இடம் தெரிந்தபின் தொடர்பு அறுந்துபோனாலும் ஊர்தியை அனுப்பிவிடலாம். நிகழ்ந்தது முழுவதும் தெரிந்து, இடம் மட்டும் தெரியாவிட்டால் ஒன்றும் செய்ய இயலாது. ஆனால் பதறிய மனம் நிகழ்ந்ததைத்தான் முதலில் சொல்லத் துடிக்கும். கேட்பவருக்கும் சொல்பவருக்கும் இடையே முதல் இழுபறி இங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஊரின் பெயர் மட்டும் கிடைத்தாலும் போதாது. அம்மாபேட்டை என்றால் ஈரோடு மாவட்டத்திலும் உண்டு. தஞ்சாவூர் மாவட்டத்திலும் உண்டு. சேலம் மாநகரில் அப்பெயரில் ஒரு பகுதியே இருக்கிறது. புதூர்களையும் புதுப்பட்டிகளையும் எண்ணி முடியாது. எனவே மாவட்டம், வட்டம், ஊர், அடையாளம் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கி வருவது இப்பணியின் வழக்கம். “மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில்” என்பது ஊருக்குள் இருப்பவருக்குத் தெளிவான முகவரி. வெளியூரிலிருந்து வரும் ஓட்டுநருக்கோ அது முகவரியே ஆகாது. கைப்பேசி தானே இடத்தைக் காட்டிவிடாதா என்று கேட்கத் தோன்றும். காட்டும், ஆனால் கோபுரத்தைக் கொண்டு மட்டும் கணிக்கப்படும் இடம், கோபுரங்கள் அரிதாக உள்ள நாட்டுப்புறத்தில், சில கிலோமீட்டர் தள்ளியும் அமையலாம்.

நெடுஞ்சாலையில் நிகழும் விபத்துகளில் அழைப்பவரே வழிப்போக்கராக இருப்பார். நிற்கும் ஊர் எதுவென்று அவருக்கே தெரியாது. அப்போது பழகிய பணியாளர், “அருகில் கடை இருக்கிறதா? அதன் பெயர்ப்பலகையின் அடியில் என்ன ஊர் எழுதியிருக்கிறது?” என்று கேட்பார். கிலோமீட்டர் கல்லைப் படிக்கச் சொல்வார். கடைசியாகக் கடந்த சுங்கச்சாவடி எது, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்றும் கேட்பார். இறுதிக் கேள்வி வெட்டிப்பேச்சு போலத் தோன்றும். நடுவே தடுப்புள்ள நான்குவழிச் சாலையில் எதிர்ப்பக்கமாக வந்துவிட்ட ஊர்தி, திரும்புவதற்கு இடம் தேடிச் சில கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கும் என்பதை அறிந்தவர்க்கே அதன் அருமை விளங்கும்.

பேச்சும் மூச்சும்

அடுத்து வருவது மொழிச் சிக்கல். மருத்துவச் சொல்லில் யாரும் துன்பத்தைச் சொல்வதில்லை. “நெஞ்சைக் கரிக்குது” என்பார் ஒருவர். “நெஞ்சுல யாரோ உக்காந்த மாதிரி இருக்கு” என்பார் மற்றொருவர். “இழுக்குது” என்று ஒரு சொல். கைகால் இழுக்கிறது என்றால் வலிப்பாக இருக்கலாம். மூச்சு இழுக்கிறது என்றால் முற்றிலும் வேறு. எது இழுக்கிறது என்று கேட்காமல் கடந்துவிட்டால் முதலுதவியே மாறிவிடும்.

இவற்றுள் மிகக் கவனமாகக் கையாள வேண்டியது, “பேச்சு மூச்சு இல்லை” என்னும் தொடர். வழக்கில் அது ஒரே பொருள் தரும் இணைச்சொல். மயங்கிக் கிடக்கிறார் என்பதற்கு மேல் சொல்பவர் எதையும் கருதுவதில்லை. அழைப்பை ஏற்பவர் அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பேச்சு இல்லாமல் மூச்சு இருந்தால் அது மயக்கம். இரண்டும் இல்லையென்றால் இதயம் நின்றிருக்கக்கூடும். அந்நிலையில் ஏறத்தாழ நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளைக்குச் சேதம் தொடங்கிவிடும். ஊர்தி எவ்வளவு விரைந்தாலும் அந்த நிமிடங்களுக்குள் போய்ச் சேரும் என்று உறுதி சொல்ல இயலாது.

ஒரு மாலைப்பொழுதின் அழைப்பை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அழைப்பவன் பதினாறு வயது மதிக்கத்தக்க சிறுவன். ஏற்பவர் பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆன இளம்பெண்.

“எங்கப்பா விழுந்துட்டாரு மேடம்! சீக்கிரம் வாங்க!”

“வண்டி அனுப்பத்தான் கேக்கறேன் தம்பி. எந்த ஊரு?”

ஊரைச் சொல்கிறான். மாவட்டத்தையும், ஊருக்குள் நுழையும்போது இருக்கும் தண்ணீர்த் தொட்டியையும் சொல்கிறான். அப்பெண் அனைத்தையும் ஒருமுறை திரும்பச் சொல்லி உறுதி செய்துகொள்கிறார்.

“அப்பாவைக் கூப்பிட்டா கண்ணைத் திறக்கறாரா?”

“இல்ல. பேச்சு மூச்சு இல்ல.”

“சரி. அவரு நெஞ்சைப் பாருங்க. ஏறி இறங்குதா?”

“குறட்டை விடுற மாதிரி இருக்கு. அப்பப்ப வாயைத் திறந்து திறந்து மூடறாரு.”

குறட்டை என்ற சொல்லைக் கேட்டு, மூச்சு இருக்கிறது என்று முடிவு செய்துவிடுவது எளிது. இதயம் நின்றபின் சிறிது நேரம் விட்டுவிட்டு எழும் இந்த ஒலி உண்மையான மூச்சன்று. உடல் இறுதியாகத் திணறும் திணறலே அது. பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லித்தரப்படும் பாடங்களுள் இதுவும் ஒன்று. அப்பெண்ணுக்கு அது நினைவுக்கு வருகிறது.

“வண்டி கெளம்பிருச்சு தம்பி. அது வர்ற வரைக்கும் நீங்களும் நானும் சேந்து அப்பாவுக்கு உதவி பண்ணப்போறோம். ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வைங்க. அப்பா கட்டில்ல இருக்காரா, தரையிலயா?”

“திண்ணையில.”

“நல்லது. மல்லாக்கப் படுக்க வைங்க. பக்கத்துல முட்டி போட்டு உக்காருங்க. நெஞ்சுக்கு நடுவுல ஒரு கையை வைங்க, அதுக்கு மேல இன்னொரு கை. முழங்கையை மடக்காம நேரா அழுத்துங்க. ரெண்டு அங்குலம் கீழ போகணும். நான் எண்றேன், கூடவே எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு…”

சி.பி.ஆர். என்று வழங்கும் இதயமீட்பு முதலுதவி இது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும் என்பது விதி. அவ்வேகத்தைச் சிறுவனுக்கு விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. தம் குரலின் வேகத்தையே அவனுக்கு அளவாகத் தருகிறார் அப்பெண். பின்னணியில் தாயின் அழுகுரல் கேட்கிறது. “எலும்பு ஒடைஞ்சிரும், விடுடா” என்று யாரோ தடுக்கிறார்கள். அவர் எண்ணுவதை நிறுத்தாமல், “பயப்படாம அழுத்துங்க, நிறுத்தக் கூடாது” என்று இடையில் சொல்கிறார். இரண்டு நிமிடம் கடந்ததும், அருகில் இருப்பவரிடம் மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்; களைத்த கை ஆழமாக அழுத்தாது.

ஒரு கட்டத்தில் சிறுவன், “அக்கா, வண்டி வந்துருச்சு” என்கிறான். தொடர்பு அறுகிறது.

தெரியுமா?

ஆபத்துக்கென ஒரே தொலைபேசி எண் என்னும் முறை இலண்டனில் 1937ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் 999 என்ற எண்ணுடன் தொடங்கியது. 1935 நவம்பரில் அந்நகரின் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி ஐந்து பெண்கள் உயிரிழந்தனர். தீயணைப்பு நிலையத்தை அழைக்க முயன்ற அண்டைவீட்டார், தொலைபேசி இணைப்பகத்தின் வரிசையில் காத்திருக்க நேர்ந்தது. அவர் நாளிதழுக்கு எழுதிய கடிதம் விசாரணைக்கு வழிவகுத்தது. அமெரிக்காவில் 911 என்ற எண்ணுக்கான முதல் அழைப்பு 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்னும் சிற்றூரில் பேசப்பட்டது. இந்தியாவில் காவல், தீயணைப்பு, மருத்துவம் மூன்றுக்கும் பொதுவாக 112 என்ற எண் இப்போது நடைமுறையில் உள்ளது.

தொலைபேசியிலேயே முதலுதவி சொல்லித்தரும் வழக்கம் இத்தொழில் தோன்றிய நாளிலேயே இருந்ததன்று. முகவரியைக் குறித்துக்கொண்டு ஊர்தியை அனுப்புவதே போதுமானது என்று நெடுங்காலம் கருதினர். 1970களின் இறுதியில் அமெரிக்காவின் சால்ட் லேக் நகரத்தில் ஜெஃப் கிளாசன் என்னும் மருத்துவர், எந்தத் துன்பத்துக்கு எந்தக் கேள்விகள், எந்த அறிவுரைகள் என்பதை அட்டைகளில் வரிசைப்படுத்தித் தந்தார். இன்று உலகின் பல கட்டுப்பாட்டு அறைகளில் திரையில் தோன்றும் கேள்விவரிசைகளுக்கு அவ்வட்டைகள் முன்னோடி. பாம்புக்கடி என்றால் கீறாதே, இறுக்கிக் கட்டாதே, கடிபட்டவரை ஓடவிடாதே என்று ஊர்தி வருவதற்குள் சொல்லிவிட முடிவது இத்தகைய ஏற்பாட்டால்தான்.

“இத்தனை கேள்வியா? முதலில் வண்டியை அனுப்புங்கள்!” என்பது இப்பணியில் உள்ளோர் நாள்தோறும் கேட்கும் வசை. கேள்விகள் ஊர்தியைத் தாமதப்படுத்துகின்றன என்னும் எண்ணமே அதற்குக் காரணம். இடமும் நிகழ்வும் தெரிந்தவுடன் ஊர்தியை ஒதுக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. அதன்பின் கேட்கப்படுபவை, வழியில் விரைந்துகொண்டிருக்கும் மருத்துவ உதவியாளருக்கும், காத்திருக்கும் நோயாளிக்கும் உரியவை. சினந்து பேசுபவரிடம் வாதிடுவதில் பயனில்லை. ஒரே தொடரை, ஒரே தொனியில், குரலை உயர்த்தாமல் மீண்டும் மீண்டும் சொல்வது பயனளிக்கிறது. “வண்டி அனுப்பத்தான் கேக்கறேன். எந்த ஊரு?” ஒவ்வொரு முறையும் சொற்களை மாற்றினால், கேட்பவரும் தம்மைப் போலவே தடுமாறுகிறார் என்று பதறியவர் எண்ணிக்கொள்வார்.

ஊர்தியை ஒதுக்குபவரின் மேசையில் கவலை வேறு வகைப்பட்டது. நிலப்படத்தில் அருகில் தெரியும் ஊர்தி, சாலைவழியில் அருகில் இருக்கும் என்பதற்கில்லை. இடையில் ஆறு இருக்கும். மூடிய இருப்புப்பாதைக் கதவு இருக்கும். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் இருக்கும். ஒரே விபத்தைக் குறித்து இருபது பேர் அழைப்பார்கள். இருபத்தொன்றாவது அழைப்பும் அதே விபத்துதானா, சற்றுத் தொலைவில் நிகழ்ந்த மற்றொன்றா என்று ஆராயாமல் தள்ளிவிடவும் கூடாது. ஒரு பகுதியில் ஓர் ஊர்தியே எஞ்சியிருக்கும் வேளையில் நெஞ்சுவலி ஒன்றும் கால்முறிவு ஒன்றும் அடுத்தடுத்து வந்தால், கால்முறிந்தவர் காத்திருக்கத்தான் வேண்டும். அவருடைய உறவினரிடம், “இதோ, ஐந்து நிமிடத்தில் வந்துவிடும்” என்று ஆறுதலுக்காகச் சொல்வது புதியவர்களுக்கு வரும் ஆசை. அதைவிடத் தீங்கான சொல் இப்பணியில் இல்லை. உண்மை நேரம் தெரிந்தால் பக்கத்து வீட்டுக் காரையாவது ஏற்பாடு செய்திருப்பார்கள். பொய்யான ஐந்து நிமிடத்தை நம்பி வாசலிலேயே நின்றிருப்பார்கள்.

விளையாட்டுக்கு அழைப்பவர்களும் உண்டு. அவர்களையும் பொறுமையாகக் கேட்டு முடிக்க வேண்டியுள்ளது. குழந்தையின் குரல் என்பதற்காக விளையாட்டு என்று முடிவு செய்துவிட முடியாது; வீட்டில் நினைவோடு இருப்பது அந்தக் குழந்தை மட்டுமாக இருக்கலாம். சாலை விபத்தைக் கண்டவர்கள் சிலர், காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய நேருமோ என்று அஞ்சி அழைப்பதற்கே தயங்குகின்றனர். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்துடன் உதவுபவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. பெயரைச் சொல்லுமாறு அவரைக் கட்டாயப்படுத்த இயலாது. இடம் தெரிந்தால் போதும். பெயர் இல்லாமலும் ஊர்தி புறப்படும்.

இரவுப் பணி, ஓயாத ஒலி, வசைச்சொல் ஆகியவை உடலைச் சோர்வடையச் செய்கின்றன. ஆயினும் இப்பணியிலிருந்து விலகுவோர் பலர் சொல்லும் காரணம் வேறு. மருத்துவர் நோயாளி பிழைத்ததைக் காண்கிறார். ஓட்டுநரும், மருத்துவ உதவியாளரும் மருத்துவமனை வாசல் வரையிலாவது உடன் செல்கின்றனர். அழைப்பை ஏற்றவருக்குக் கதையின் தொடக்கம் மட்டுமே வாய்க்கிறது. திண்ணையில் கிடந்த தந்தை எழுந்தாரா என்பது, எண்ணிக்கொடுத்த அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. கடினமான அழைப்புக்குப்பின் சில நிமிடம் எழுந்து சென்றுவர இடம்தருவது, மூத்தவர் ஒருவர் அருகில் அமர்ந்து அந்த அழைப்பின் பதிவை மீண்டும் கேட்பது போன்ற வழக்கங்கள் நல்ல கட்டுப்பாட்டு அறைகளில் உள்ளன. பதிவைக் கேட்கும் புதியவர் முதலில் கவனிப்பது தம் குரலைத்தான். எந்த இடத்தில் அது விரைந்தது, எங்கே நடுங்கியது, எந்தக் கேள்வியை இன்னும் ஒரு நொடி முன்னதாகக் கேட்டிருக்கலாம் என்று குறித்துக்கொண்டு, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தம் இருக்கைக்குத் திரும்புகிறார்.